39 வயதில் பள்ளிக்கூடம் போனவர்

(எங்கள் ஊர் நூலக மாடியில் நடந்த இசை ரசிகர் கூட்டத்தில் பேசியது. பேசியபடியே எழுதியிருக்கிறேன்.)

தலைமை தாங்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, மாடியைத் திறந்துவிட்டு ஸ்பீக்கருக்கும் ஏற்பாடு செய்த நூலகர் அம்மா அவர்களே, எத்தனையோ வேலைக்கு நடுவில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் வார்டு கவுன்சிலர் அவர்களே (நீங்கள் வந்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி, காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்), எனக்கு முன்னால் பேசி என் நேரத்தில் பாதியையும் எடுத்துக்கொண்ட அருமை நண்பர் டாக்டர் அவர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

பிரெஞ்சு இசையமைப்பாளர் எரிக் சத்தியைப் பற்றி மூன்று விஷயம் சொல்லலாம் என்று வந்தேன். ஒன்று, அவருடைய குறும்பு. இரண்டு, யாரும் கவனித்துக் கேட்கக் கூடாது என்றே அவர் எழுதிய 'மேசை நாற்காலி இசை'. மூன்று, அவர் 39 வயதில் மறுபடி மாணவரான கதை.

'சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்' என்றாள் ஒளவை. எந்த மேடை ஏறினாலும் நான் இதைச் சொல்வேன் என்று தெரிந்தவர்கள் இப்போதே சிரிக்கிறார்கள். சிரியுங்கள். இசை காதுப்பழக்கம் என்று நான் ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். சத்தி 1888இல் 'ஜிம்னோபெதி' என்ற பெயரில் எழுதிய மூன்று சின்ன பியானோ இசைத்துண்டுகளில் முதலாவதைக் கேளுங்கள். பியானோவில் இடது கை கீழே ஒரு சுரத்தைத் தொட்டுவிட்டு, மேலே போய் சில சுரங்களைச் சேர்த்து வைக்கும், திரும்பக் கீழே வரும், திரும்ப மேலே போகும். வலது கையில் ஒரு மெட்டு, எங்கேயும் போய்ச் சேரவேண்டிய அவசரமே இல்லாமல் நடக்கும். முதல் தடவை 'இதில் என்ன இருக்கிறது?' என்று தோன்றும். பழகப் பழக விடாது. மூன்று ஜிம்னோபெதிகளில் இரண்டை, புகழ்பெற்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் தெபுசியே வாத்தியக் குழுவுக்கு மாற்றி எழுதினார் என்றால் பாருங்கள்.

குறும்பு என்றால் சாதாரணக் குறும்பு இல்லை. வாசிப்பவருக்கான குறிப்பில் மற்றவர்கள் 'மெதுவாக', 'பலமாக' என்று எழுதுவார்கள். இவர் 'பல்வலி வந்த நைட்டிங்கேல் பறவை மாதிரி' என்று எழுதினார். அப்புறம் 'வெக்ஸாசியோன்' என்று ஒரு பியானோ துண்டு. 1893 வாக்கில் எழுதியது, ஒரே ஒரு பக்கம். அதை 840 தடவை தொடர்ந்து வாசிக்க வேண்டுமானால், முன்கூட்டியே அசையாமல் மௌனமாக இருந்து தயார் செய்துகொள்வது நல்லது என்று ஒரு குறிப்பு. விளையாட்டா, வேண்டுதலா, யாருக்கும் புரியவில்லை. அவர் இருந்தவரை அது அச்சில்கூட வரவில்லை.

1963 செப்டம்பரில் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் நியூயார்க்கில் ஒரு சின்ன அரங்கைப் பிடித்தார். அந்த ஒரு பக்கத்தை 840 தடவையும் வாசிக்கப் பியானோக்காரர்களை வரிசையாக உட்காரவைத்து, ஒருவர் எழுந்தால் அடுத்தவர் என்று மாற்றி மாற்றி, சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பித்தது மறுநாள் மதியம்தான் முடிந்தது. 18 மணி 40 நிமிடம்! டிக்கெட் 5 டாலர். ஆனால் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு 20 நிமிடத்துக்கும் 5 சென்ட் திருப்பித் தருவார்கள். (இந்த ஏற்பாட்டை நம் கூட்டங்களுக்கும் கொண்டுவரலாம், டாக்டர் பேசும்போது நல்ல வசூல் கிடைக்கும்.) முழுக்க உட்கார்ந்தால் அந்தக் கணக்கில் 2 டாலர் 80 சென்ட் கைக்கு வரும். வந்தவர்கள் வந்தார்கள், போனவர்கள் போனார்கள், நியூயார்க் டைம்ஸ் விமர்சகர்களே முறைபோட்டு வந்து கேட்டார்கள். கடைசிவரை அசையாமல் இருந்தவர் ஒரே ஒரு நடிகர். இந்த இடத்தில் நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். ஆனால் அந்த 840 தடவையில், நூறாவது தடவைக்குப் பிறகு அந்த மனிதர் காதில் என்ன கேட்டிருக்கும்? செந்தமிழும் நாப்பழக்கம், ஐயா.

சரி, என் விஷயத்துக்கு வருகிறேன். சிறுவயதில் சத்தியைப் பாரிஸ் இசைக் கல்லூரியில் சேர்த்தார்கள். சோம்பேறி என்று பெயர் வாங்கினார், அனுப்பிவிட்டார்கள். பிறகு பிழைப்புக்கு இரவு விடுதிகளில் பியானோ வாசித்தார். ஜிம்னோபெதிகளை எழுதி முடித்து எத்தனையோ வருடம் கழித்து, 1905இல், 39 வயதில், ஸ்கோலா கான்டோரும் என்ற பள்ளியில் போய்ச் சேர்ந்தார். இந்த வயதில் எதற்கு என்று தெபுசியே தடுத்தார். இவர் கேட்கவில்லை. பையன்களோடு உட்கார்ந்து, பல மெட்டுகளை ஒன்றோடொன்று பின்னும் கலையை முதலிலிருந்து படித்து, 1908இல் சான்றிதழ் வாங்கினார். 1917இல், 51 வயது முடிந்த மறுநாள், தட்டச்சு எந்திரமும் சைரனும் துப்பாக்கியும் சத்தம் போடும் அவருடைய 'பராட்' பாலே நடனம் அரங்கேறியது. மேடையையும் உடையையும் வடிவமைத்தவர் ஓவியர் பிக்காசோ.

நம்மிடம் என்ன நடக்கிறது? ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர், என் பக்கத்துத் தெரு, வயலின் கற்க ஆசைப்பட்டு ஒரு இசைப்பள்ளிக்குப் போனார். வயதைக் கேட்டதும் படிவத்தைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டார்கள். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று சிரிப்பு வேறு. எவன் சொன்னது? பழக்கம் என்றுதானே ஒளவை சொன்னாள், பத்து வயதுக்குள் என்றா சொன்னாள்?

தலைவர் மணி அடிக்கிறார். மேசை நாற்காலி இசையை டீ குடிக்கும்போது நூலகர் அம்மா போடுவார், நீங்கள் பேசிக்கொண்டே இருங்கள், சத்திக்கும் அதுதான் வேண்டும். கவுன்சிலர் அவர்களே, இப்போது உங்கள் காரணம். இதே மாடியில், வாரம் இரண்டு மாலை, வயது வரம்பில்லாத இசை வகுப்பு. பியானோ கேட்கவில்லை, ஒரு கீபோர்டு, இரண்டு வயலின், சம்பளத்துக்கு ஒரு ஆசிரியர். நகராட்சிக்கான மனு வாசல் மேசையில் இருக்கிறது, பேனாவை நூலில் கட்டியே வைத்திருக்கிறோம். முதல் கையெழுத்துக்கான இடத்தை உங்களுக்காகக் காலியாக விட்டிருக்கிறேன். கண்டக்டர் ஐயா பின்வரிசையில்தான் இருக்கிறார், இரண்டாவது கையெழுத்து அவருடையது.