பாட்டி கண்ணில் புது லென்ஸ்

நடுவர் அவர்களே, இரு அணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். ஏழு நிமிடத்தில் வணக்கத்துக்கு இவ்வளவுதான் ஒதுக்க முடியும்.

பழைய காரில் அதோடு பிறந்த ஏசியே இருக்க வேண்டுமா, நவீன ஏசி வைக்கலாமா என்பது தலைப்பு. நான் நவீன ஏசிக் கட்சி. எதிரணி அக்கா, "கம்பெனிக்காரன் யோசிக்காமலா வைத்தான்? அசல்தான் அழகு" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார். சரிங்க அக்கா, கம்பெனிக்காரன் என்னதான் வைத்தான் என்று பார்த்துவிடுவோம்.

அமெரிக்காவின் பேக்கார்ட், 1940 மாடல். தொழிற்சாலையிலேயே ஏசி பொருத்தி விற்ற முதல் கார். குளிர்க்கருவி பின் சீட்டுக்குப் பின்னால், டிக்கியில். காற்றைக் கூட்டலாம், குறைக்கலாம். ஆனால் வாயுவை அழுத்தித் தள்ளும் கம்ப்ரசரில், அதை என்ஜினிலிருந்து பிரித்துவிடும் கிளட்ச் கிடையாது. என்ஜின் ஓடினால் அதுவும் ஓடும். நிறுத்த வேண்டுமென்றால் வண்டியை ஓரங்கட்டி, என்ஜினை அணைத்து, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டும்!

இப்போது ஒரு புதுமணத் தம்பதி அந்தக் காரில் போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். "என்னங்க, லேசா குளிருதுங்க." அவர் இறங்குகிறார். கோட்டைக் கழற்றுகிறார். பெல்ட்டைக் கழற்றுகிறார். நடுவர் பதற வேண்டாம், நான் சொல்வது என்ஜின் பெல்ட். கையெல்லாம் கிரீஸோடு வந்து உட்காருகிறார். இரண்டு மைல் போயிருக்காது. "என்னங்க, புழுக்கமா இருக்குங்க." மறுபடி இறங்குகிறார், மாட்டுகிறார். இன்னும் இரண்டு மைல். "என்னங்க..." அவ்வளவுதான், மனிதர் கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்துவிட்டார். அந்தப் பெண் கேட்கிறாள்: "எதுக்கு இறங்குறீங்க? மணி என்னன்னுதானே கேட்க வந்தேன்!"

அக்கா, இதுதான் நீங்கள் கேட்கும் அசல்.

"அது பழங்கதை, பிறகுதான் கிளட்ச் வந்துவிட்டதே" என்பீர்கள். வந்தது. 1960களில் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்கு வந்த ஏ6 கம்ப்ரசர் மட்டுமே ஏறத்தாழ 16 கிலோ. நல்ல உழைப்பாளிதான், மறுக்கவில்லை. ஆனால் அது குடித்தது ஆர்-12 வாயு. ஓசோன் படலத்தை அரிக்கிறது என்று 1987இல் மாண்ட்ரியலில் உடன்பாடு போட்டார்கள். வளர்ந்த நாடுகளில் 1996இலும் மற்ற நாடுகளில் 2010இலும் அதன் கதை முடிந்தது. "அதற்குப் பதிலாக வந்த ஆர்-134ஏ வாயுவை ஏற்றிக்கொண்டால் போயிற்று" என்றார் இரண்டாவதாகப் பேசிய தம்பி. ஏற்றலாம் தம்பி. கம்ப்ரசருக்குள் இருக்கும் பழைய மினரல் ஆயில் அதோடு சேராது. பழைய ரப்பர் ஹோஸ் வழியே கசியும். பழைய கண்டென்சர் அதன் சூட்டை இறக்கத் திணறும். இத்தனையும் மாற்றிவிட்டு அசல் என்று எதைக் காட்டுவீர்கள், ஸ்டிக்கரையா?

அதெல்லாம் கிடக்கட்டும். அக்கா இன்னொன்று சொன்னார்: "பழைய காருக்குப் புது ஏசி வைப்பது பாட்டிக்கு ஜீன்ஸ் மாட்டிவிடுவது போல." நீங்களும் கைதட்டினீர்கள். நானும்தான் தட்டினேன், பழக்கதோஷம்.

என் பாட்டிக்குக் கண்புரை. அறுவை செய்து உள்ளே புது லென்ஸ் வைத்தார்கள். "ஐயோ, பாட்டியின் அசல் லென்ஸ் போச்சே" என்று வீட்டில் யாரும் அழவில்லை. கட்டைப் பிரித்ததும் பாட்டி என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை, "ஏண்டா, உனக்கு இவ்ளோ நரைச்சிருச்சா?" அந்தக் கண்ணில் லென்ஸ் இருப்பது வெளியே தெரியுமா? நவீன ஏசியும் அப்படித்தான். கருவி டாஷ்போர்டுக்குள்ளே ஒளிந்திருக்கும். முகப்பில் அதே பழைய லீவர், அதே பழைய வென்ட். ஜீன்ஸ் வெளியே மாட்டுவது, லென்ஸ் உள்ளே வைப்பது. அக்கா, உங்கள் உவமையில் பெல்ட் கழன்றுவிட்டது!

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா. அரை நிமிடம்.

என் அப்பா அக்காவின் கட்சி. அவருடைய காரில் அசல் ஏசி இருந்தது, ஆனால் ஒருநாளும் குளிர்ந்ததில்லை. தொடவும் விடமாட்டார். எங்காவது கிளம்பினால் அம்மா வாசலில் நின்று, "நீங்க போயிட்டு வாங்க, எனக்கு வேலை கிடக்கு" என்பார். வேலை இருக்கிறது என்றுதான் நாங்களும் நம்பினோம். அப்பா போன பிறகு புது ஏசி வைத்தேன். பழைய கம்ப்ரசரைத் துடைத்து ஒரு மரப்பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். அப்பா விரல் பட்டு எழுத்து தேய்ந்துபோன அந்த லீவரைத் தள்ளினேன். குளிர்ந்தது. அம்மா வென்ட்டுக்கு நேராகக் கையை வைத்துக்கொண்டு வழி முழுக்க ஒன்றும் பேசவில்லை. வீட்டு வாசலில் வண்டி நின்றது. இறங்கவில்லை.

"இன்னொரு சுற்று போகலாமாடா?" என்றார்.

நன்றி, வணக்கம்.