ஸ்பேமைச் சும்மா ஃபார்வர்டு பண்ணாதீங்க

[திரை: இன்பாக்ஸில் "உங்கள் பார்சல் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது" என்ற போலி மெயில்]

ஃபில்டர்ல மாட்டாம ஒரு ஸ்பேம் உள்ள வந்துடுச்சு. டிலீட் பண்ணா உங்க தொல்லை தீரும். அதை அனுப்பின சர்வர் மத்தவங்களுக்கு அனுப்பிக்கிட்டேதான் இருக்கும். அதோட பேரைக் கெடுக்கணும்னா புகார் போகணும். ஸ்பேம்காப்ங்கிற புகார் சேவை 1998-லிருந்து இந்த வேலையைப் பார்க்குது. இப்போ சிஸ்கோ கையில இருக்கு.

'அனுப்புநர்' முகவரியை யாரும் பொய்யா எழுதலாம். அதனால புகார் ஐபி முகவரி மேலதான் போகும், அதாவது நெட்ல அந்த சர்வரோட எண் மேல. ஐபி இருக்கிறது ஹெடர்ல, மெயில் வந்த வழியைச் சொல்ற மறைஞ்ச தலைப்பகுதியில.

[திரை: முழு ஹெடர், 'ரிசீவ்டு' வரிகள் மஞ்சளில்]

மெயிலை வாங்குற ஒவ்வொரு சர்வரும் உச்சியில ஒரு 'ரிசீவ்டு' வரி சேர்க்கும். கீழே இருக்கிற வரிகளை நம்பாதீங்க, ஸ்பேமரே எழுதி வச்சிருக்கலாம். வெளியிலிருந்து மெயிலை வாங்கினப்போ உங்க சர்வர் எழுதின வரியில எந்த ஐபி இருக்கோ, அதுதான் சாட்சி. சாதாரணமா ஃபார்வர்டு பண்ணா இந்தச் சாட்சியே அழிஞ்சுடும். ஹெடர்ல இருக்கிறது உங்க பேராதான் இருக்கும்.

ஜிமெயில்ல மூணு புள்ளியைத் தட்டி 'ஷோ ஒரிஜினல்' போங்க. வர்றதை ஒரு எழுத்து மாத்தாம காப்பி எடுத்து ஸ்பேம்காப் படிவத்துல ஒட்டுங்க. தண்டர்பேர்டு மெயில் ஆப்ல கண்ட்ரோல், யூ அழுத்துங்க. நிறைய இருந்தா, 'அட்டாச்மென்டா ஃபார்வர்டு' பண்ணி, ஸ்பேம்காப் உங்களுக்கு மட்டும் கொடுக்கிற முகவரிக்கு அனுப்பலாம். பலர் இங்கேயே நின்னுடறாங்க! ஸ்பேம்காப்லிருந்து திரும்பி வர்ற மெயில்ல இருக்கிற லிங்க்கைத் திறந்து, புகார் யாருக்குப் போகுதுன்னு பார்த்து, உறுதி செய்யணும். அதுவரைக்கும் புகார் போகாது.

2 நாளுக்கு மேல பழசான ஸ்பேமை ஸ்பேம்காப் ஏத்துக்காது. காரணம் நியாயமானது: புகார் வந்த ஐபிகளை அது ஒரு தடைப் பட்டியல்ல சேர்க்கும், அதைப் பார்த்துத்தான் மத்த சர்வர்கள் மெயிலைத் தடுக்கும்; அந்தப் பட்டியல் இன்னைக்கு நடக்கிறதைச் சொல்லணும். புகார் நின்னு 24 மணி நேரத்துல ஐபி பட்டியலிலிருந்து தானா இறங்கிடும்.

[திரை: 'மெயில்ஹோஸ்ட்ஸ்' பக்கம்]

முதல் புகாருக்கு முன்னாடி ஸ்பேம்காப்போட 'மெயில்ஹோஸ்ட்ஸ்' பக்கத்துல உங்க மெயில் சர்வர்களைப் பதிவு பண்ணுங்க. இடையில ஒரு ஃபார்வர்டிங் சர்வர் இருந்து அது பதிவாகலேன்னா, பழி அது மேல விழும். நீங்களே சேர்ந்த நியூஸ்லெட்டரையும் புகார் பண்ணாதீங்க, அன்சப்ஸ்கிரைப் போதும். ஒரே ஐபியில பல நிறுவனங்கள் மெயில் அனுப்புறாங்க. தப்பான புகார்ல சம்பந்தமே இல்லாத கடைக்காரரோட பில்லும் வாடிக்கையாளருக்குப் போய்ச் சேராம நிக்கலாம்.

ஸ்பேம்காப்புக்குச் சொன்னது உங்க ஃபில்டருக்குத் தெரியாது. ஜிமெயில்னா ஸ்பேம் பட்டனையும் அழுத்துங்க. சொந்த சர்வர்ல ஸ்பேம்அசாசின்ங்கிற ஸ்பேம் ஃபில்டர் இருந்தா 'எஸ்ஏ லேர்ன்' கட்டளையால அதே மெயிலைக் கத்துக்கொடுங்க. 200 ஸ்பேம், 200 நல்ல மெயில் சேர்ந்தாதான் மெயில்ல இருக்கிற வார்த்தைகளை வச்சு ஸ்பேமான்னு கணிக்கிற அதோட பேய்ஸ் கணக்கு வேலை செய்யும். நல்ல மெயிலைக் கொடுக்க மறந்துட்டு, "ஆயிரம் ஸ்பேம் கொடுத்தும் மாறலையே"ன்னு தவிக்கிறவங்கதான் அதிகம்.