கார்பன் ரிம்ல கிராக் வந்தா ஒடனே தலையாட்டிடாதீங்க

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். சைக்கிள் வீல் கட்டுறது என் தொழில். ஈசிஆர்ல விடியக்காலைல ஓட்டுறவங்க நெறைய பேர் இப்ப கார்பன் வீலுக்கு மாறிட்டாங்க, அதோட விலையும் லேசுப்பட்டது இல்ல, அதுல தயாரிப்புலயே ஒரு குறை இருந்து கிராக் விட்டுச்சுன்னா கடைக்காரர் "எங்கயோ பள்ளத்துல விட்டிருக்கீங்க"ன்னு ஒரு வார்த்தை சொன்னதும் தலையாட்டிட்டு வந்துடுறாங்க. அதப் பாத்தா எனக்கு மனசே ஆறல, அதான் பேச வந்தேன்.

வீலோட வெளி வளையம்தான் ரிம். இத எப்படி செய்றாங்கன்னா, ரெசின்ங்கிற பசை ஏத்துன கார்பன் துணிய துண்டு துண்டா வெட்டி, பெரும்பாலும் கையாலயே மோல்டுக்குள்ள ஒன்னு மேல ஒன்னா அடுக்கி, அழுத்தம் குடுத்து சூடு பண்ணி இறுக வைக்கிறாங்க. ஒரு லேயர் மடிஞ்சு போனாலோ உள்ள காத்துக் குமிழி நின்னுட்டாலோ வெளிய ஒன்னும் தெரியாது, பளபளன்னுதான் இருக்கும். ஆனா ஒவ்வொரு ஸ்போக்கும் 100 கிலோ பக்கத்துல இழுத்துக்கிட்டே நிக்குது பாருங்க, அந்த வீக்கான எடம் எத்தன நாளைக்குத் தாங்கும்? அலுமினிய ரிம்னா நெளிஞ்சு காட்டிக்குடுக்கும், கார்பன் நெளியாது, பொளந்துடும்.

வீல் ஒரே எடத்துல திரும்பத் திரும்ப கோணுதா, ஸ்போக் ஓட்டைய சுத்தி மெல்லிசா கோடு தெரியுதா, டியூப் இல்லாத டயருக்காக ரிம்முக்கு உள்ள ஒட்டுற டேப்ப புதுசா ஒட்டியும், ஸ்போக்க ரிம்மோட முடுக்குற நிப்பிள் பக்கம் சீலண்ட் (பஞ்சர அடைக்க டயருக்குள்ள ஊத்துற திரவம்) கசியுதா, இதெல்லாம் கவனிங்க. தேங்காயத் தட்டிப் பாக்குற மாதிரி ஒரு நாணயத்தால ரிம்ம சுத்தித் தட்டுனா லேயர் பிரிஞ்ச எடத்துல சத்தம் மந்தமா வரும்.

சரி, பள்ளத்துல அடிபட்டதா, தயாரிப்புக் குறையான்னு எப்படிப் பிரிக்கிறது? அடிபட்டா பெரும்பாலும் டயர் உக்கார்ற ஓரத்துலதான் ஒடையும், டயர்லயும் ஒரு வெட்டோ நசுங்கலோ இருக்கும். டயர்ல ஒரு தழும்பும் இல்ல, கிராக் ஸ்போக் ஓட்டைலேந்து கெளம்புது, அதுவும் ரெண்டு மூணு ஓட்டைல ஒரே மாதிரின்னா நீங்க தாராளமா எதிர்த்துக் கேக்கலாம். அதனால டயரக் கழட்டுறதுக்கு முன்னாடியே போட்டோ எடுத்துருங்க, டயரையும் தூக்கிப் போட்டுடாதீங்க.

கிராக்குன்னு சந்தேகம் வந்த நிமிஷமே ஓட்டுறத நிறுத்துங்க, முன் வீல்னா வீடு வரைக்கும்கூட ஓட்டாதீங்க, உருட்டிட்டுப் போங்க. தேய்க்கிறது பசை வெக்கிறதுன்னு எதுவும் பண்ணாதீங்க, வாரண்டி போயிடும். பில், சீரியல் நம்பர், போட்டோ எல்லாத்தையும் மெயில்ல அனுப்புங்க, போன்ல பேசுனதுக்கு சாட்சி கிடையாது. அவங்க முடியாதுன்னா காரணத்த எழுத்துல கேளுங்க.

இன்னொன்னு, "கிராஷ் ரீப்ளேஸ்மெண்ட்ல பாதி வெலைக்குத் தரோம்"னு ஆசை காட்டுவாங்க. அது மோதி ஒடச்சவங்களுக்குத் தர்ற சலுகை, அதுக்கு சரின்னா நீங்களே மோதி ஒடச்சதா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும், அவசரப்படாதீங்க. குறையுள்ள பொருள வித்தா 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்க புகார் குடுக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணிச் சொல்லலாம், நுகர்வோர் கமிஷனுக்குப் போறதா இருந்தா 2 வருஷத்துக்குள்ள போகணும், பொருளுக்கு நீங்க குடுத்த காசு 5 லட்சம் வரைக்கும்னா பீஸ் கிடையாது.

புது ரிம் தர ஒத்துக்கிட்டாங்கன்னா ஸ்போக்குக்கும் கட்டுற கூலிக்கும் யார் காசு குடுக்குறதுன்னு அப்பவே கேட்டுக்கோங்க, பல வாரண்டில வெறும் ரிம் மட்டும்தான் வரும்.