வாட்டர் லூப்பில் கொடகொட சத்தமா? பம்பை நிறுத்துங்கள்!

வணக்கம் நண்பர்களே. பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் மைக்கை கேபினெட் பக்கம் கொண்டு போகிறேன், கேளுங்கள். இளநீரின் கடைசி வாயை ஸ்ட்ராவில் உறிஞ்சும்போது வருமே, அந்தச் சத்தம். கேட்டதா? இது என் கம்ப்யூட்டரைத் தண்ணீரால் குளிர்விக்கிற லூப், அதாவது பம்ப் தண்ணீரைச் சுற்றிச் சுற்றி ஓட விடுகிற குழாய் வட்டம். அந்தப் பம்புக்குள் தண்ணீரோடு காற்றும் போகிறது. இன்றைக்கு முழுக்க இந்தக் காற்றை வெளியே எடுக்கும் வேலைதான்.

போன வீடியோவில் லூப்பைக் கட்டி முடித்தோம். ஒரு டி5 பம்ப், அதன் தலையில் தண்ணீர் சேர்ந்து நிற்க 50 மி.மீ. உள்விட்டமுள்ள குழாய் ரிசர்வாயர், சூட்டைத் தண்ணீருக்கு மாற்ற சிபியு பிளாக், கிராபிக்ஸ் கார்டு பிளாக், அந்தச் சூட்டைக் காற்றுக்கு விட மேலே 360 மி.மீ. ரேடியேட்டர், முன்னால் 240 மி.மீ. ரேடியேட்டர். நேற்று ராத்திரி கைப்பம்பால் அரை பார் அழுத்தத்துக்குக் காற்றடித்து வைத்தேன். அரை மணி நேரம் ஆகியும் மீட்டர் முள் அசையவில்லை. அப்படியென்றால் கசிவு இல்லை. அதனால் காலையில் துணிந்து தண்ணீரை ஊற்றிவிட்டேன்.

தண்ணீர் என்றால் டிஸ்டில்டு வாட்டர். கேன் வாட்டர் வேண்டாம், அதில் உப்பு இருக்கிறது. பேட்டரி கடையில் வாங்குபவர்கள் லேபிளைப் படித்து வாங்குங்கள், அங்கே ஆசிட்டும் விற்கும். துருப்பிடிக்காமலும் பாசி படியாமலும் இருக்க அதற்கான மருந்தை பாட்டிலில் சொன்ன அளவுக்குக் கலந்துகொண்டேன். அப்புறம், செம்பு பிளாக்கோடு அலுமினிய ரேடியேட்டரைச் சேர்க்காதீர்கள். அது தனி வீடியோவுக்கான விஷயம்.

நிரப்பும்போது பம்புக்கு மட்டும்தான் கரண்ட் போக வேண்டும். மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு கேபிள்கள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன். கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கிற பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் 24 பின் பிளக்கில் பச்சை வயரையும் ஒரு கறுப்பு வயரையும் இணைத்தால் மதர்போர்டு இல்லாமலே அது ஆன் ஆகும். முன்பெல்லாம் பேப்பர் கிளிப்பை வளைத்துச் செருகுவோம். இப்போது வரும் பல கேபிள்களில் எல்லா வயரும் கறுப்பு, எது பச்சை என்று எண்ணிக்கொண்டு உட்கார முடியாது. இந்தச் சின்ன ஜம்பர் பிளக்கை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குழாய் மாட்டுகிற ஒவ்வொரு ஃபிட்டிங் அடியிலும் டிஷ்யூ பேப்பர் வைத்திருக்கிறேன் பாருங்கள். ஒரு சொட்டு விழுந்தாலும் தெரிந்துவிடும்.

காலையில் எடுத்த காட்சியைப் போடுகிறேன். ரிசர்வாயர் வாய் வரைக்கும் தண்ணீர். சுவிட்சைப் போடுகிறேன். ஒன்று, இரண்டு... பாருங்கள், அதற்குள் அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டது. உடனே ஆஃப். மறுபடி ஊற்றுகிறேன், மறுபடி ஆன், ஆஃப். இப்படி ஏழெட்டு முறை. சம்ப் மோட்டாருக்குத் தண்ணீர் ஊற்றி ஏர் எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. பம்ப் காற்றைத் தள்ளாது, தண்ணீரைத்தான் தள்ளும். அதோடு இந்த டி5 பம்பின் பேரிங்கிற்கு எண்ணெய், கிரீஸ் எதுவும் கிடையாது. ஓடுகிற தண்ணீர்தான் அதற்கு வழவழப்பு, குளிர்ச்சி எல்லாம். அதனால் காய்ந்து ஓட விடாதீர்கள். ரிசர்வாயர் காலியாவதற்குள் கை சுவிட்சுக்குப் போய்விட வேண்டும்.

சரி, தண்ணீர் சுற்றி வந்துவிட்டது. ஆனால் பாருங்கள், ரிசர்வாயர் நீர்மோர் மாதிரி வெளுத்துக் கிடக்கிறது. அவ்வளவும் பொடிக் குமிழிகள். இங்கேதான் எல்லோரும் ஒரே தப்பைச் செய்வோம். பம்பை ஃபுல் ஸ்பீடில் வைத்துவிட்டுத் தூங்கப் போவது. முதல் லூப்பில் நானும் அதைத்தான் செய்தேன். காலையில் எழுந்து பார்த்தால் அதே நீர்மோர்.

ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் குழாயின் உள்விட்டம் 10 மி.மீ. நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடினால் குழாய்க்குள் தண்ணீர் நொடிக்குச் சுமார் 85 செ.மீ. வேகத்தில் போகும். கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற பெரிய குமிழி மேலே ஏறும் வேகம் நொடிக்கு 20, 25 செ.மீ.தான். எனவே குழாயில் எந்தக் குமிழியும் நிற்க முடியாது, தண்ணீர் அடித்துக்கொண்டு போகும். அதே தண்ணீர் அகலமான ரிசர்வாயருக்குள் வந்ததும் வேகம் நொடிக்கு மூன்றரை செ.மீ. அளவுக்கு இறங்கிவிடுகிறது. பெரிய குமிழி அங்கே சுலபமாக மேலே போய் உடைந்துவிடும். ஆனால் தலைமுடி தடிமனில் இருக்கிற பொடிக் குமிழி? அது நொடிக்கு அரை செ.மீ.கூட ஏறாது. மூன்றரை செ.மீ. வேகத்தில் கீழே இழுக்கிற தண்ணீரை எதிர்த்து அரை செ.மீ. வேகத்தில் ஏறினால் எங்கே போய்ச் சேரும்? மறுபடி பம்புக்குள்தான். பம்ப் இன்னும் கொஞ்சம் அடித்து, அதை இன்னும் பொடியாக்கி அனுப்பும்.

பம்பை நிறுத்திவிட்டால் கதையே வேறு. என் ரிசர்வாயர் 20 செ.மீ. உயரம். அடியில் இருக்கிற பொடிக் குமிழிகூட ஒரு நிமிடம், மிஞ்சிப் போனால் இரண்டு நிமிடத்தில் மேலே வந்துவிடும். இதோ நிறுத்துகிறேன். பேசிக்கொண்டே பாருங்கள், அடியிலிருந்து தெளிந்து வருகிறது. அதனால் என் வழக்கம் இதுதான்: பத்து நொடி ஃபுல் ஸ்பீடு, இரண்டு நிமிடம் ஓய்வு. பத்து நொடி ஓட்டம் மூலைமுடுக்கில் இருக்கிற காற்றை ரிசர்வாயருக்குக் கொண்டு வரும். ஓய்வு அதை வெளியே விடும்.

அடுத்தது ரேடியேட்டர். முன்னால் இருப்பதன் வாய் மேல் பக்கம் இருக்கிறது, அது தொல்லை தராது. தலைவலி எல்லாம் மேலே படுத்திருக்கிற 360தான். அதன் துளைகள் கீழே பார்த்திருப்பதால் காற்று துளைக்கு மேலே, ரேடியேட்டரின் உள்கூரையில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். தண்ணீர் அதற்குக் கீழேயே வந்து கீழேயே போய்விடும். எனவே துளைகள் இருக்கும் பக்கத்தைத் தூக்க வேண்டும். எனக்கு அது முன்பக்கம். முதலில் பம்ப் ஆஃப். அப்புறம் ரிசர்வாயர் மூடியைத் திருகி மூடுங்கள். இதைச் சும்மா சொல்லவில்லை. போன வருடம் மூடியை மேசையில் வைத்துவிட்டு கேபினெட்டைச் சாய்த்து, அரை டம்ளர் தண்ணீரை நேராக எஸ்எம்பிஎஸ் மேலேயே ஊற்றினேன். பிளக்கைச் சுவரிலிருந்து உருவியிருந்ததால் தப்பித்தேன். இரண்டு நாள் ஃபேன் காற்றில் காய வைத்த பிறகுதான் தொட்டேன். அந்த இரண்டு நாளும் அம்மா, “தண்ணியையும் கரண்ட்டையும் ஒண்ணா வெச்சு வெளாடற ஒரே ஆளு நீதான்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

மூடியாயிற்று. முன்பக்கத்துக்கு அடியில் இரண்டு தடிப் புத்தகங்கள். கேபினெட்டை உள்ளங்கையால் தட்டுகிறேன், இப்படி, மெதுவாக. சாய்ந்திருந்தாலும் ரிசர்வாயரின் அடித்துளை தண்ணீருக்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பம்ப் காற்றை இழுத்துவிடும். இப்போது ஃபுல் ஸ்பீடு. கேட்டீர்களா? களக்கென்று ஒன்று வந்தது! கிராபிக்ஸ் கார்டு குழாயில் பாருங்கள், விரல் நீளக் குமிழி ஒன்று ஓடுகிறது. இத்தனை நேரம் மேலே ஒளிந்திருந்தது இதுதான். வந்த காற்றின் இடத்துக்குத் தண்ணீர் போயிருக்கிறது, ரிசர்வாயரில் மட்டம் ஒன்றரை செ.மீ. இறங்கிவிட்டது. ஏறக்குறைய 30 மி.லி. அதை ஊற்றிவிடலாம்.

ஒரு விஷயம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நாளைக்கு கமென்ட்டில் கேட்பீர்கள். கம்ப்யூட்டரை ஆன் செய்து கேம் ஓட்டியதும் குழாய்ச் சுவரில் மறுபடி சின்னச் சின்னக் குமிழிகள் ஒட்டும். எங்கேயோ காற்று இழுக்கிறது என்று பயப்பட வேண்டாம். அடுப்பில் உலை வைத்தால் கொதிப்பதற்கு ரொம்ப முன்னாலேயே பாத்திரச் சுவரில் குமிழி கட்டுமே, அதேதான். சூடானால் தண்ணீரால் அவ்வளவு காற்றைக் கரைத்து வைத்திருக்க முடியாது, வெளியே விடும். சில நாளில் நின்றுவிடும். மட்டம் லேசாக இறங்கும், பார்த்து ஊற்றிக்கொள்ளுங்கள். அதற்கு மேலும் தினமும் இறங்கிக்கொண்டே இருந்தால்தான் நனைந்த டிஷ்யூவைத் தேட வேண்டும்.

இப்போது கேளுங்கள், மைக்கைக் கிட்டே கொண்டு போகிறேன். பம்ப் ஓடுகிறது. நடு ஸ்பீடு. சத்தமே இல்லை, இல்லையா? ஃபேன் சத்தம் கேட்டால் அது சீலிங் ஃபேன். மார்க்கரால் மட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டேன். மூடி இறுக்கமாக இருக்கிறது, டிஷ்யூ எல்லாம் காய்ந்தே இருக்கிறது. மதர்போர்டு கேபிளை இன்றைக்கு மாட்டப் போவதில்லை. ராத்திரி முழுக்க இப்படியே ஓடட்டும், காலையில் கோட்டைப் பார்த்துவிட்டு மாட்டுகிறேன். கேமராவை அணைக்கிறேன், அம்மா சாப்பிடக் கூப்பிட்டு அரை மணி நேரம் ஆகிறது.