இருமல் எப்போது தொடங்கியது?

அவைத் தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலில், குரோம்பேட்டையைத் தாண்டியதும் 'தாம்பரம் சானடோரியம்' என்றொரு நிறுத்தம் வரும். அங்கே நாள்தோறும் ஏறி இறங்குகிறவர்களில் பலர் அதை ஓர் ஊரின் பெயர் என்றே நினைத்திருக்கிறார்கள். 1928இல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காக அங்கே தொடங்கிய மருத்துவ நிலையத்தால் வந்த பெயர் அது. ஊருக்கு வெளியே நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு, குடும்பத்தை விட்டுப் பிரிந்திருத்தல் என்ற இவையே, மருந்து கண்டுபிடிக்கப்படாத காலத்தில் உலகம் முழுவதும் காசநோய்க்கு அறிந்திருந்த வைத்தியம். இதில் கடைசியாகச் சொன்ன பிரிந்திருத்தலைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். ஒரு தொற்றுநோய் எப்படிப் பரவுகிறது என்பதை ஆராய்கிறவர்கள் எவ்வாறு யோசிக்கிறார்கள் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து வேறில்லை.

நோயாளியைப் பிரித்து வைத்தால் வீட்டிலுள்ளவர்கள் தப்பிப்பார்கள் என்பது கேட்டவுடன் ஒப்புக்கொள்ளத் தோன்றும் கருத்து. காசநோய்க் கிருமி காற்றில் பரவுகிறது. நோயாளி இருமும்போது தெறிக்கும் துளிகளில் பெரியவை தரையில் விழுந்துவிடும். மிகச் சிறியவை நீர் உலர்ந்து, கிருமியைச் சுமந்தபடி அறைக் காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும். இதை உறுதிசெய்ய அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1950களின் பிற்பகுதியில் ரிச்சர்ட் ரைலியும் அவருடைய குழுவினரும் விநோதமான ஓர் ஏற்பாட்டைச் செய்தார்கள். ஒரு மருத்துவமனையில் காசநோயாளிகள் இருந்த சிறு பிரிவின் காற்றைக் குழாய் வழியே மாடியிலிருந்த கூண்டறைக்கு இழுத்து, அங்கே வளர்த்த கினிப் பன்றிகளைச் சுவாசிக்க வைத்தார்கள். நோயாளிகளை ஒருமுறைகூடப் பார்த்திராத அந்தப் பிராணிகளுக்குத் தொற்று வந்தது. எல்லா நோயாளிகளும் ஒரே அளவில் நோயைப் பரப்பவில்லை என்பதும், தொற்றுகளில் பெரும்பகுதி ஒரு சிலரிடமிருந்தே வந்தது என்பதும், மருந்து சாப்பிடத் தொடங்கியவர்களிடமிருந்து அது வெகுவாகக் குறைந்துவிட்டது என்பதும் அந்தக் கூண்டறையில் தெரியவந்த செய்திகள்.

அதே காலத்தில் நம் சென்னையில் வேறொரு கேள்வி எழுந்திருந்தது. ஐசோநயாசிட், பாஸ் போன்ற மருந்துகள் வந்துவிட்டன. ஆனால் நாட்டிலிருந்த நோயாளிகளின் எண்ணிக்கைக்கு முன்னால் சானடோரியங்களில் இருந்த படுக்கைகள் எந்த மூலைக்கு? படுக்கை கிடைக்காதவரை வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தால் அவர் பிழைப்பாரா, பிழைத்தாலும் ஒரே அறையில் படுத்துறங்கும் பிள்ளைகளின் கதி என்ன? இதற்கு விடை காண இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து 1956இல் சேத்துப்பட்டில் ஓர் ஆய்வு மையத்தைத் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் அதை முன்னின்று நடத்தினார்.

சானடோரியத்தில் இருந்தவர்களின் குடும்பங்களையும் வீட்டில் இருந்தவர்களின் குடும்பங்களையும் கணக்கெடுத்து ஒப்பிட்டால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். போதாது. சானடோரியத்தில் இடம் பிடிக்க முடிந்தவர் சற்று வசதியுள்ளவராக இருக்கலாம். அல்லது நோய் முற்றியவராக இருக்கலாம். அப்படியானால் நாம் பார்க்கும் வேறுபாடு பிரிவினால் வந்ததா, வசதியினால் வந்ததா, முற்றிய நோயினால் வந்ததா என்று பிரித்தறிய வழியே இராது. எனவே நகரின் ஏழ்மையான, நெரிசல் மிகுந்த பகுதிகளைச் சேர்ந்த 193 நோயாளிகளை எடுத்துக்கொண்டு, யார் வீட்டில் இருப்பது, யார் சானடோரியத்துக்குப் போவது என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் தற்செயலிடம் விட்டார்கள். மருத்துவர் விருப்பப்படியும் விடவில்லை, நோயாளி விருப்பப்படியும் விடவில்லை. இரு தரப்புக்கும் அதே மருந்து, ஓராண்டுக்கு.

வீட்டில் இருந்தவர்கள் வாரந்தோறும் மையத்துக்கு வந்து மருந்து வாங்கிப் போனார்கள். மருந்தை வாங்குவது வேறு, விழுங்குவது வேறு என்பது வீட்டில் நோயாளியை வைத்திருந்த எவருக்கும் தெரியும். பாஸ் வயிற்றைப் புரட்டும் மருந்து. அதனால் மையத்தின் பணியாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். மிச்சமிருக்கும் மருந்தை எண்ணிப் பார்த்தார்கள், சிறுநீரை வாங்கிப் போய் அதில் மருந்தின் சுவடு இருக்கிறதா என்று சோதித்தார்கள். பெரிய பெரிய முடிவுகள் எல்லாம் இப்படிச் சந்துக்குள் நுழைந்து மாத்திரை எண்ணியவர்களின் கால்வலியின் மேல்தான் நிற்கின்றன என்பது என் எண்ணம். ஆய்வுக் கட்டுரைகளில் அவர்களுக்குக் கிடைக்கும் இடம் குறைவு.

முடிவுகள் 1959இல் வெளியாயின. ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் இருந்தவர்களில் 92 விழுக்காட்டினருக்கும் வீட்டில் இருந்தவர்களில் 86 விழுக்காட்டினருக்கும் நோய் அடங்கியிருந்தது. வீட்டில் இருந்தவர்கள் சாப்பிட்டது குறைவு, ஓய்வெடுத்தது குறைவு, நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தார்கள். அப்படியிருந்தும் இவ்வளவுதான் வித்தியாசம்.

இதைவிட முக்கியமானது குடும்பத்தாரைப் பற்றிய முடிவு. காசநோய்க் கிருமி உடலுக்குள் புகுந்தபின் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கக்கூடியது என்பதால், இரு தரப்புக் குடும்பத்தாரையும் 5 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கு, நோயாளியைப் பிரிந்திருந்தவர்களைவிடக் கூடுதலாக நோய் வரவில்லை. வீட்டாருக்கு ஆபத்து இல்லை என்று இதற்குப் பொருளல்ல. இரு தரப்பிலும் பலருக்கு நோய் வந்தது. அவர்களுக்கு வந்த தொற்றில் பெரும்பங்கு, நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே, 'சாதாரண இருமல்தான்' என்று எல்லோரும் இருந்த மாதங்களிலேயே வந்துவிட்டது. சானடோரியத்துக்கு வண்டி ஏற்றியபோது கிருமி ஏற்கெனவே வீட்டில் தங்கிவிட்டிருந்தது. மருந்து தொடங்கிய பிறகோ நோயாளி பெரிதாகப் பரப்பவில்லை. இரண்டுக்கும் நடுவே பிரித்துவைப்பதால் காக்கக்கூடியது சொற்பமாகவே இருந்தது.

தற்செயல் ஒப்பீடு எப்போதும் நாம் விரும்பும் விடையைத் தருவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்த பகுதியில், பி.சி.ஜி. தடுப்பூசியை இதே முறையில் சோதிக்கத் தொடங்கினார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று தெரிந்தபோது பலருக்கும் அதிர்ச்சியாக இருந்தது. குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்து அது காப்பதால் பிறந்த குழந்தைகளுக்கு இன்றும் போடுகிறோம். ஆனால் சமூகத்தில் நோய் பரவுவதை நிறுத்த அதை நம்பியிருக்க முடியாது என்பது அன்றே தெளிவாகிவிட்டது.

இன்று ஒருவரின் சளியில் கிருமி இருப்பதாக முடிவு வந்தால், சுகாதாரப் பணியாளர் அவர் வீட்டுக்குப் போகிறார். நோயாளியை எங்கே அனுப்பப் போகிறீர்கள் என்று அவர் கேட்பதில்லை. உங்களுக்கு இருமல் எப்போது தொடங்கியது, அப்போது இந்த வீட்டில் யார் யார் இருந்தார்கள், இப்போது யாருக்கெல்லாம் இருமல் இருக்கிறது என்று கேட்டு, ஒவ்வொருவராகப் பெயர் எழுதிக்கொள்கிறார்.