நடுக்குளிரில் வீடே சுகம்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். நேரம் குறைவு, நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நடுக்குளிர்காலத்தை அனுபவிக்க உகந்தது வீடா, வெளியா? வீடு என்பது எங்கள் கட்சி. காரணங்களை அடுக்கத்தான் எழுந்தேன். ஆனால் எதிரணித் தலைவர் சற்றுமுன் ஒரு போடு போட்டார். "22 பாகைக்கே போர்வை தேடுகிற கொழும்பு வெள்ளவத்தைக்காரருக்குக் குளிரைப் பற்றிக் கதைக்க என்ன தகுதி? குளிர் வேண்டுமென்றால் நுவரெலியா பஸ்ஸில் ஏறுங்கள்!" என்றார். நீங்களும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். அதற்குப் பதில் சொல்லாமல் நான் நகரமாட்டேன்.

ஏறுவோம் ஐயா, பஸ்ஸில் ஏறுவோம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தை, மாசி விடியற்காலையில் புல்லின்மேல் உறைபனி வெள்ளையாய்ப் படியும். அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை. கொழும்பிலிருந்து போனவர்கள் கிரெகரி வாவிக்கரையில் நின்று நாலு படம் எடுக்கிறார்கள். விரல் விறைத்ததும் எங்கே ஓடுகிறார்கள்? அறைக்கு! கதவைச் சாத்தி, கோப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்த பிறகுதான் "அப்பாடா, என்ன அருமையான குளிர்" என்று வாய் திறக்கிறார்கள். வெளியே நின்றபோது வராத பாராட்டு உள்ளே வந்ததும் வருகிறது. இது யார் கட்சிக்குச் சாட்சி, நடுவர் அவர்களே?

அதே உறைபனி தேயிலைக் கொழுந்தைக் கருக்கிவிடும். இடுப்பில் படங்குத் துணியைக் கட்டிக்கொண்டு கொழுந்து பறிக்க அந்த விடியலில் மலையேறுகிற பெண்களிடம் வெளியே இன்பமா என்று கேட்டுப் பாருங்கள். மலையகத்தில் வளர்ந்த என் தோழி சொல்வாள்: "லயத்தில், அதுதான் தோட்டத்து வரிசை வீட்டில், எங்களுக்கு ஒரே அறை, புகை கண்ணைக் கரிக்கும். ஆனால் அம்மா வேலை முடிந்து வந்து அடுப்படியில் குந்தி, ரொட்டியைச் சுடச்சுடப் பிய்த்துத் தருகிற நேரத்துக்காகத்தான் நாள் முழுக்கக் காத்திருப்போம்." குளிரோடு வாழ்கிறவர்களின் வாக்குமூலம் இது. பஸ்ஸில் போய் இதைத்தான் கேட்டுவிட்டு வரவேண்டும்.

சரி, வெள்ளவத்தைக்காரருக்குத் தகுதி இல்லை என்றே வைத்துக்கொள்வோம். நக்கீரருக்கு உண்டா இல்லையா? பத்துப்பாட்டிலே நெடுநல்வாடையை எடுத்துப் பாருங்கள். வாடைக்காற்று அடிக்கிறது, ஊர் என்ன செய்கிறது? விசிறியைச் சுருக்கி முளையில் மாட்டிவிட்டார்கள், சிலந்தி அதில் நூல் கட்டிவிட்டது. குளிர்ந்த தண்ணீரை யாரும் தொடவில்லை. கதவடைத்து நெருப்புச் சட்டியின் பக்கம் இருக்கிறார்கள். புறாக்கூட இரை தேடப் போகாமல் வீட்டுப் பலகையில் கால் மாற்றி மாற்றி நிற்கிறது. வெளியே நிற்கிற இடையர்களுக்கோ பல் கிட்டித்து நடுங்குகிறது. புறாவுக்குத் தெரிந்திருக்கிறது, எதிரணித் தலைவருக்குத் தெரியவில்லை!

இனி நான் கண்ணால் கண்ட குளிர். என் அக்கா ரொறன்ரோவில் இருக்கிறாள். ஒரு தை மாதம் அங்கே போய் நின்றேன். அக்காவுக்குப் பகல் வேலை, அத்தானுக்கு இரவு வேலை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். நாலு பேருள்ள வீட்டில் ஒருவரோடொருவர் பேசுவது குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டின துண்டுக் கடதாசியால். "சோறு உள்ளே இருக்கு." "பில் கட்டியாச்சு." இவ்வளவுதான் குடும்பப் பேச்சு.

ஒருநாள் இரவு பனி கொட்டத் தொடங்கியது. விடியப் பார்த்தால் வாசல் படியைக் காணவில்லை. காரைக் காணவில்லை! காரின் கண்ணாடி மட்டும் ஒரு காது மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கிறது. பள்ளிக்கூடம் இல்லை, வேலைக்கும் போக வழியில்லை. அத்தான் பனி அள்ளுகிற சவளை எடுத்துக்கொண்டு இறங்கினார். அள்ளுகிறார், கொட்டுகிறது. அள்ளுகிறார், கொட்டுகிறது. கடைசியில் சவளை வாசலில் குத்திவிட்டு உள்ளே வந்தார். வந்து என்ன சொன்னார் தெரியுமா? "இண்டைக்கு ஒருத்தரும் ஒரு இடமும் போறேல்லை!"

அந்த வசனத்தைத் திரும்பச் சொல்கிறேன், பின்வரிசைக்கும் கேட்கட்டும். "இண்டைக்கு ஒருத்தரும் ஒரு இடமும் போறேல்லை!" அக்காவின் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் கண்டதில்லை.

வெள்ளவத்தையில் வாங்கிக்கொண்டு போன ஒடியல் மாவை, அதுதான் காய்ந்த பனங்கிழங்கு மாவை, எடுத்தேன். தண்ணீரில் ஊறவிட்டு, கசப்புப் போக வடித்தோம். குளிரூட்டியில் கல்லாய்க் கிடந்த நண்டு, இறால், மரவள்ளிக் கிழங்கு, பலாக்கொட்டை எல்லாம் பானைக்குள் போயின. செத்தல் மிளகாய்க் கூட்டும் பழப்புளியும் சேர்ந்து கொதித்ததும் மாவை ஊற்றி, அடிப்பிடிக்காமல் துழாவினோம். யார் துழாவியது? பெரியவன். எந்நேரமும் போனும் கையுமாய் இருக்கிற பிள்ளை, அகப்பைக்காகத் தங்கச்சியோடு சண்டை பிடிக்கிறான்! வெளியே மைனஸ் 20. உள்ளே உறைப்பில் எல்லாருக்கும் மூக்கு ஒழுகுகிறது. பனையோலைப் பிளா இல்லை, கோப்பிக் கோப்பையில்தான் கூழ். அத்தான் நண்டுக் காலை உறிஞ்சிக்கொண்டே தான் ஊரில் பள்ளிக்கூடத்துக்கு ஒளித்த கதையைச் சொன்னார். மகள் கேட்டாள்: "அப்பா, இதை ஏன் எனக்கு முந்திச் சொல்லேல்லை?" அத்தான் வாயைத் துடைத்துவிட்டுச் சொன்னார்: "உன்னை நான் எங்க பிள்ளை கண்டனான்?"

படுக்கப் போகும்போது பெரியவன் என்னிடம் கேட்டான்: "சித்தி, நாளைக்கும் கொட்டுமா?"

நடுவர் அவர்களே, எதிரணியினர் பனிச்சறுக்கு என்றார்கள், கடற்கரை என்றார்கள். நடக்கட்டும். நெடுநல்வாடையில் அரசிக்கு என்ன குறை? தந்தக் கட்டில் உண்டு, விளக்கு உண்டு, தோழியர் உண்டு. ஆனாலும் அழுகிறாள். வரவேண்டியவன் பாசறையில் இருக்கிறான். இந்த வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலும் அப்படி எத்தனை அம்மாமார்! பிள்ளைகள் ரொறன்ரோவில், லண்டனில், ஒஸ்லோவில். மார்கழியில் பிள்ளையார் கதை படித்துவிட்டு, மோதகத்தைத் தட்டில் வைத்துக்கொண்டு போன் வரும்வரை சாப்பிடாமல் இருக்கிறார்கள். என் அம்மாவும் அப்படித்தான். அக்கா எடுத்தால் குளிர் எத்தனை பாகை என்று அவர் கேட்பதே இல்லை. "எல்லாரும் வீட்டிலயோ?" என்றுதான் கேட்பார். "ஓம் அம்மா" என்று வந்தால்தான் சாப்பாடு. இல்லையென்றால் தட்டை மூடி வைத்துவிடுவார்.

இந்தப் பேச்சை அக்கா போனில் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இங்கே மாலை ஆறரை, அங்கே காலை எட்டு. அக்கா, உனக்கு இண்டைக்கு லீவு எண்டு அம்மா சொன்னவ. தீர்ப்பை நடுவர் சொல்லட்டும், நான் பிறகு சொல்லுறன். நீ போனை வைச்சிட்டுப் போய்ப் பிள்ளையளை எழுப்பு. வணக்கம்.