பாக்கும் பாட்டும்

நேயர்களுக்கு வணக்கம். கும்பகோணத்தில் பித்தளைப் பாத்திரப் பட்டறையொன்றில் 40 ஆண்டுகள் சுத்தியல் பிடித்த என் பெரியப்பாவுக்கு இப்போது காது மந்தம். ஒரு வெள்ளிக்கிழமை தாம்பூலத் தட்டை அடுக்கிக்கொண்டிருந்த பெரியம்மா, “என்னங்க, பாக்கு வைங்க” என்றார்; பெரியப்பா எழுந்து சென்று வானொலியைத் திருகினார். அவர் காதில் விழுந்தது “பாட்டு வைங்க” என்பது. பெரியம்மா இன்னும் உரக்கச் சொன்னார். அவர் ஒலியைக் கூட்டினார்.

‘பா’ என்னும் நெடிலும் ஈற்று உகரமும் தாழ்ந்த அதிர்வெண்களில் வலுவாக ஒலிப்பவை. அவை பெரியப்பாவுக்கு நன்றாகவே கேட்கின்றன. ‘க்கு’வையும் ‘ட்டு’வையும் பிரித்துக் காட்டுவதோ, பெரும்பாலும் 1500 ஹெர்ட்ஸுக்கு, அதாவது விநாடிக்கு 1500 அதிர்வுகளுக்கு மேல், இமைப்பொழுதுக்குள் வந்து மறையும் மெல்லிய ஒலித்துணுக்கு. சம்மட்டிச் சத்தம் பெரும்பாலும் முதலில் பறிப்பது 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளை உணரும் உட்செவிச் செல்களைத்தான். அவை மீண்டும் முளைப்பதில்லை. நாம் கத்தும்போது உயிரொலி பெருகும் அளவுக்கு மெய்யொலி பெருகுவதில்லை என்பதால், ஏற்கெனவே கேட்டதையே இன்னும் பலமாகக் கேட்கவைக்கிறோம்.

அவர் முதலில் வாங்கிய காது மிஷின் எல்லா ஒலியையும் ஒருசேர உயர்த்தியது. பழுதான செவிக்கு மெல்லிய ஒலி எட்டாது, பேரொலியோ நமக்கு உறைப்பதுபோலவே உறைக்கும். ஆகவே மிக்ஸி ஓடியதும் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். நல்ல கருவி ஒலியைப் பல அதிர்வெண் பட்டைகளாகப் பிரித்து, எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் அவரவர் ஆடியோகிராம் வரைபடத்துக்கு ஏற்ப, மெல்லியதை அதிகமாகவும் வலியதைக் குறைவாகவும் உயர்த்துகிறது. இவ்வளவும் விநாடியில் நூற்றில் ஒரு பங்குக்குள் முடிய வேண்டும். தாமதித்தால் தன் குரலே தனக்கு எதிரொலியாகத் தொந்தரவு செய்யும்.

கல்யாண மண்டபம் இதைவிடக் கடினம். அங்கே இரைச்சலாக இருப்பதும் மனிதப் பேச்சே. இரண்டு மைக்குகளுக்கு ஒலி வந்துசேரும் நேர வேறுபாட்டைக் கொண்டு எதிரிலிருப்பவர் குரலுக்கு முன்னுரிமை தரலாம்; பேச்சையும் இரைச்சலையும் கலந்து பயிற்றுவித்த செயற்கை நரம்பு வலையமைப்புகள் என்னும் கணினி நிரல்கள், எந்தக் கணத்தில் எந்தப் பட்டையில் பேச்சு மேலோங்குகிறது என்று கணித்து மற்றதைத் தணிக்கின்றன. ஆனால் ‘படம்’, ‘பட்டம்’ என்பவற்றைப் பிரிக்க நமக்குப் பெரிதும் உதவுவது இடையில் வரும் மிகக் குறுகிய மௌனம். அந்த மௌனத்தில் கருவி இரைச்சலை உயர்த்திவிட்டால் சொல்லின் எல்லை மங்கிவிடும். ஆகவே கருவியைச் சரிசெய்யும் நாளில், வீட்டில் அன்றாடம் புழங்கும் தமிழ்ச் சொற்களைச் சொல்லியே சோதிக்கச் சொல்லுங்கள்; தினமும் பேசுபவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

பெரியப்பாவின் புதிய கருவி நான்கு முறை திருத்தப்பட்டது. இருந்தாலும் பெரியம்மா இப்போது அடுப்படியிலிருந்து கூப்பிடுவதில்லை. திறந்த வெளியில் தூரம் பாதியானால் குரல் 6 டெசிபல் கூடும் என்ற கணக்கு அவருக்குத் தெரியாது. ‘ப’கரத்துக்கு மூடும் உதடு கண்ணுக்குத் தெரியும், வாய்க்குள்ளே பிறக்கும் ககரமும் டகரமும் தெரியா என்பதையும் யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அவர் அருகில் வந்து, முகம் பார்த்து, “வெத்திலையும் பாக்கும் எடுத்து வைங்க” என்கிறார்.